பெயரை மட்டும் மாற்றினார்

பூநகரிப் பக்கம் விமலேஸ்வரியைத் தெரியாத வீடு குறைவு. ஒன்பது வருடமாக ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய், புருசனிடம் அடி வாங்கும் பெண்களின் துயரத்தைக் கேட்டு எழுதுவதுதான் அவருடைய வேலை. பல்கலைக்கழகத்தார் வருவார்கள், வினாக்கொத்தைத் தருவார்கள், நிரப்பியதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கேட்ட துயரத்தோடு இங்கேயே கிடந்து உழல்பவர் விமலேஸ்வரி. போரில் புருசனைப் பறிகொடுத்தவர். அதைப் பற்றிக் கேட்டால், "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கிறன்" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

சுமித்திரா வாய் திறக்க எட்டு மாதம் பிடித்தது. அவளுடைய புருசன் பிரதீபன் உழவு மெசின் ஓட்டுகிறவன். ஊருக்குத் தங்கமான பிள்ளை, வீட்டுக்குள் வயரால் அடிப்பான்.

"ஒருத்தருக்கும் தெரிய வராதுதானே அக்கா?" என்று மூன்று தரம் கேட்டாள்.

"என்ரை உயிர் போனாலும் சொல்ல மாட்டன் தங்கச்சி."

அதற்குப் பிறகுதான் கிளிநொச்சியில் குடும்ப வன்முறை பற்றிய இரண்டு நாள் பயிற்சி வந்தது. முன்பள்ளி ஆசிரியைகளும் உத்தியோகத்தர்களுமாக நாற்பது பேர். "உங்கடை அனுபவத்திலை ஒண்டைச் சொல்லுங்கோ, பேரை மட்டும் மாத்தினால் காணும்" என்றார் விரிவுரையாளர். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக மைக் விமலேஸ்வரியின் கையில். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

சுமித்திராவைக் கமலா ஆக்கினார். மற்றதெல்லாம் அப்படியே வந்தது: மூன்று பெட்டைப் பிள்ளைகள், வீட்டில் தையல் மெசின், உழவு மெசின்காரப் புருசன், மூன்றாவதும் பெட்டை என்று அவன் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் விட்டது. கொழும்பில் பெயரை மாற்றினால் ஆளும் மறைந்துவிடும். இங்கே வன்னியில் பெயரையா கேட்கிறார்கள்? ஆரைக் கட்டினவள், எத்தனை பிள்ளை, என்ன தொழில் என்றுதான் கேட்பார்கள். விமலேஸ்வரியும் ஆட்களை அப்படித்தான் விசாரிப்பார். அன்றைக்கு அந்தப் புத்தி எங்கே போனதோ!

மண்டபமே கண்ணைத் துடைத்தது. பின்வரிசையில் ஒருத்தி மட்டும் அசையாமல் இருந்தாள். தேநீர் நேரம் அவள் கிட்ட வந்தாள்.

"நான் தேனுகா. பிரதீபன்ரை தங்கச்சி. அண்ணாவைத்தானே சொன்னனீங்கள்?"

விமலேஸ்வரி இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பயத்தில், "பிள்ளை, வீட்டிலை சொல்லிப்போடாதை" என்று கெஞ்சிவிட்டார். அதற்குமேல் தேனுகாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

பயிற்சி முடிந்த மறுநாள் காலையிலேயே சுமித்திரா வீட்டுக்கு ஓடினார். பிரதீபன் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டான்.

"இருங்கோ அக்கா. பேப்பர் கொண்டுவந்தனீங்களோ? இண்டைக்கு எனக்கு முன்னாலை கேளுங்கோ."

குசினி வாசலில் சுமித்திரா நின்றாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. "இவர் நல்லவர். நான் முந்திச் சொன்னதெல்லாம் பொய்" என்றாள்.

விமலேஸ்வரி அவனைப் பார்க்காமல் அவளிடமே போய்க் கையைப் பிடித்தார். "வா தங்கச்சி, ஆஸ்பத்திரிக்குப் போவம். டொக்டரிட்டை நான் சொல்லுறன்."

சுமித்திரா கையை மெல்ல விடுவித்தாள்.

"இன்னும் ஆருக்கு அக்கா சொல்லப் போறீங்கள்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.