வசந்தாவின் ஐம்பத்தேழு கிலோ

ஜூன் 2, திங்கட்கிழமை. காலை மணி 5.17. வெப்பம் 28 டிகிரி என்றது செல்போன். காற்று துளியும் இல்லை. முந்தின நாள் மலைப்பக்கம் மின்னிய மின்னலுக்கு ஆம்பூரில் ஒரு சொட்டுகூட விழவில்லை. வராத மழைக்குப் பதிலாகத் தோல் தொழிற்சாலை வாசம்தான் தரையோடு படிந்து கிடந்தது.

பைபாஸ் ஓரம் ஒரு பள்ளிக்கூட மைதானம். அதில் நான் குனிந்து என் கால் கட்டைவிரலைத் தொட முயன்றுகொண்டிருந்தேன். கைக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் பாக்கி.

"அங்கிள், மூச்சு விடுங்க! மூச்சே விடாம நிக்கிறீங்க!"

சொன்னவர் ரேஷ்மா. எங்கள் பயிற்சியாளர். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஒரு காலத்தில் கபடி ஆடியவர். கழுத்தில் விசில், காலில் புழுதி.

நான் மூச்சு விடாததற்குக் காரணம் குனிந்தது அல்ல. பாக்கெட்டில் இருந்த போன் அடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அறுபத்தொன்பது வயதில் இவனுக்கு எதற்கு இந்த வேலை என்று நீங்கள் கேட்கலாம். ரேஷ்மாவும் கேட்டார். "சுகர்" என்று சொல்லிவிட்டேன். நம் ஊரில் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

உண்மை வேறு.

ஏப்ரல் மாதம் ஒரு பிற்பகல், 2.40க்கு, என் மனைவி வசந்தா பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். எலும்பு எதுவும் உடையவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. நான் அவளைத் தூக்கிப் பார்த்தேன். கக்கத்தில் கை கொடுத்து இழுத்தேன், இடுப்பைப் பிடித்து இழுத்தேன். நாலு தடவை. ஐம்பத்தேழு கிலோ. அசையவில்லை.

முப்பத்தொரு நிமிடம் ஈரத்தரையில் கிடந்தாள். கடைசியில் எதிர் வீட்டில் வாடகைக்கு இருக்கும் இரண்டு பையன்களைக் கூப்பிட்டேன். நல்லவர்கள், ஓடி வந்தார்கள். நான் ஒரு துண்டை எடுத்து அவள் மேல் போட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கி நிறுத்தும்வரை திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த இருவரையும் அவள் நேராகப் பார்த்ததே இல்லை. அவர்கள் வாசலில் நின்றால் கோலம் போடக்கூட வெளியே போவதில்லை.

அவ்வளவுதான் விஷயம். அவள் இன்னொரு முறை விழுந்தால் நானே தூக்க வேண்டும். வேறு ஒருவர் கை படக்கூடாது.

மகள் ஓசூரில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எனவே நான் மைதானத்துக்குப் போகும் நேரத்தில் அவள் தனி. வீட்டை விட்டுக் கிளம்புவது 5.02. திரும்புவது 6.28. இடையில் எண்பத்தாறு நிமிடம். அந்த நேரத்தில் விழுந்துவிட்டால்? நான் ஒரு சட்டம் போட்டேன் — நான் வரும்வரை பாத்ரூம் போகக்கூடாது.

"உங்களுக்கு எக்சர்சைஸு. எனக்கு எண்பத்தாறு நிமிஷம் ஜெயிலா?" என்றாள் வசந்தா.

"பத்திரத்துக்குத்தானே சொல்றேன்."

"நல்ல பத்திரம். விழாமலே சாவேன்."

எங்கள் பேட்ச்சில் பதினெட்டுப் பேர். பெண்கள் பதினொன்று, ஆண்கள் ஏழு. விடியற்காலை பஜர் தொழுகை முடித்து வருகிறவர்களுக்காக ஐந்தேகாலுக்கு ஆரம்பம். ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண்களுக்காக ஆறேகாலுக்கு முடிவு. ஒரு நிமிடம் தாமதமானாலும் அந்தப் பெண்கள் ரேஷ்மாவைக் கேட்காமலே கிளம்பிவிடுவார்கள். பஸ் யாருக்காகவும் நிற்காதல்லவா?

மைதானத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு என் நடையில் 412 அடி. முதல் நாள் இரண்டு ரவுண்டு முடிவதற்குள் நான்கு முறை வீட்டுக்குப் போன் செய்தேன். "படுத்துட்டுதான் இருக்கேன்" என்றாள் நான்கு முறையும். நாலாவது முறை குரல் சரியில்லை.

மூன்றாம் நாள் ரேஷ்மா ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து மைதானத்தின் நடுவில் வைத்தார். ஏதோ கல்யாணத்துக்குப் பிரியாணி வந்த வாளி; கழுவியும் வாசம் போகவில்லை. "எல்லா போனும் இதுல. முடிஞ்சதும் எடுத்துக்கலாம்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

என்ன செய்வது? போட்டேன். பிறகு ஒவ்வொரு பயிற்சியையும் வாளியைப் பார்த்தபடியே செய்தேன். திரும்பி நிற்கச் சொன்னால் கழுத்தை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டேன்.

அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவர் எனக்குப் பழக்கமானவர். ஷபீர் பாய். நான் கணக்கராக வேலை பார்த்த அதே தோல் தொழிற்சாலையில் ஈரத்தோல் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். இப்போது அறுபத்துநாலு. தோள் இன்னும் கதவு மாதிரி.

"சார்! இன்னா சார் இந்தப் பக்கம்?"

"சுகர் பாய்."

"சுகர் யாருக்கு இல்ல? வாங்க, வாங்க. ஆனா ஒண்ணு... இங்க எண்ணுறது மேடம் வேலை. நீங்க தூக்கணும்!" என்று சொல்லி, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சிரித்தார்.

நானும் சிரித்து வைத்தேன். உண்மைதானே. ஊறிய தோலை இவர்கள் தூக்கி மரக் குதிரை மேல் போடுவார்கள். மரக் குதிரை என்பது தண்ணீர் வடிவதற்காகத் தோலைக் குறுக்கே போடும் தாங்கி. ஒரு தோல் இருபது கிலோவுக்குக் குறையாது. நான் ஓரமாக பென்சிலோடு நின்று ஒன்று, இரண்டு என்று எழுதுவேன். முப்பத்துநாலு வருடத்தில் ஒரு தோலைக்கூட நான் தூக்கியதில்லை. தூக்குகிறவனுக்கு முதுகு போகும். எண்ணுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகாததால்தான் ஒன்றுக்கும் ஆகாமல் போயிருக்கிறது என்பது பத்துக் கிலோ மணல் மூட்டையைத் தொட்டபோது தெரிந்தது.

இரண்டாம் வாரம் ஐந்து கிலோ தூக்கினேன். மூன்றாம் வாரம் ஏழரை. வாரத்துக்கு இரண்டரை கிலோ ஏறுகிறது என்று வையுங்கள். ஐம்பத்தேழைத் தொட இன்னும் இருபது வாரம். நவம்பர் ஆகிவிடும். அதுவரை விழாதே என்று ஒரு மனுஷியிடம் சொல்ல முடியுமா?

கணக்குப் போட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கு முந்தின வாரம், ஜூன் 12, வியாழக்கிழமை என்று நினைவு. ரேஷ்மா எல்லோரையும் தரையில் படுக்கச் சொன்னார். "கீழ விழுந்தா எப்பிடி எழுந்திருக்கணும்னு இன்னைக்கு. நாலே ஸ்டெப்பு" என்றார். எல்லாரும் படுத்தார்கள். நான் அந்தச் சந்தடியில் வாளிக்குப் போய்ப் போனை எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது; எடுக்க ஆள் இல்லை. ஒன்பதாவது மணியில்தான் எடுத்தாள். "தூங்கிட்டேங்க. தூங்கவும் கூடாதா?"

போனை வாளியில் போட்டுவிட்டு அங்கேயே நின்று, மற்றவர்கள் எழுந்திருப்பதைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பதினேழு பேரும் எழுந்தார்கள். நான் செய்யவில்லை. எனக்கு எதற்கு? நான் விழப்போவதில்லையே!

அடுத்த வாரம் ஷபீர் பாயைத் தனியாகப் பிடித்தேன். "நம்மளவிட வெயிட்டா இருந்தா எப்பிடி பாய் தூக்குவீங்க?"

"தோல எவனும் தூக்க முடியாது சார். வழுக்கும். மொதல்ல மடிச்சு முட்டிக்குக் கொண்டாரணும். முட்டி மேல வச்சு ஒரு மூச்சு. அப்புறம் ஒரே உருட்டு. குதிரை மேல போய்டும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஆனா நாங்க எப்பவும் ரெண்டு பேரு சார். எதுவா இருந்தாலும் ஒண்டியா தூக்காதீங்க. பேஜாராயிடும்."

நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 22, ஞாயிறு. பயிற்சி இல்லாத நாள். காலை 6.05க்கு ஹாலில் பாயை விரித்தேன். அதற்கு மேல் பழைய மெத்தையை விரித்தேன்.

"வசந்தா, கொஞ்சம் வந்து இதுல படு."

"எதுக்கு?"

சொன்னேன். முட்டி, மூச்சு, உருட்டு — மரக் குதிரைக்குப் பதில் கட்டில். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தொம்பது வருஷம் குடும்பம் நடத்துனதுக்கு என்ன ஈரத்தோலு ஆக்கிட்டீங்களா?"

"ஒத்திகைதான்..."

"எந்த ஊர்ல பொண்டாட்டிய படுக்க வச்சு ஒத்திகை பாக்குறாங்க?"

திட்டிக்கொண்டே கட்டிலைப் பிடித்து இறங்கினாள். மெத்தையில் படுத்தாள். படுத்தபடி, கூரையைப் பார்த்துக்கொண்டு, வேறு குரலில் சொன்னாள்: "அவங்கள மறுபடி கூப்பிடாம இருந்தா சரி."

நான் குனிந்தேன். மடித்தேன். நம்ப மாட்டீர்கள் — முட்டிக்கு வந்துவிட்டாள்! ஒரு மூச்சு விட்டேன். இனி உருட்ட வேண்டியதுதான்.

இங்கேதான் ஷபீர் பாய் சொல்லாத ஒன்று இருந்தது. தோலுக்குப் பயம் கிடையாது. வசந்தாவுக்கு உண்டு. தூக்கியதும் பயந்துபோய் இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என் இடுப்பில் ஏதோ ஒன்று பிடுங்கியது. அவள் மெத்தையில் விழுந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில், தரையில்.

மணி 6.11.

"அடி பட்டுச்சா?" என்றேன்.

"இல்ல. உங்களுக்கு?"

"எழுந்திருக்க முடியல."

"வெளையாடாதீங்க."

விளையாடவில்லை. இடுப்புக்குக் கீழே நகர்த்தினால் உயிர் போனது. கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது. போன் ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் இருக்கிறது. பால்காரர் பாக்கெட்டைக் கம்பியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். கூப்பிட்டால் காதில் விழக்கூடியது எதிர் வீடு மட்டுந்தான்.

"கத்தட்டுமா?" என்றேன்.

"வேணாம்." உடனே சொன்னாள். பிறகு மெதுவாக, "நம்ம ரெண்டு பேரையும் இப்பிடிப் பாத்தா இன்னான்னு நெனப்பாங்க?"

ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். அப்போதுதான் அந்த வியாழக்கிழமைப் பயிற்சி ஞாபகம் வந்தது.

"கிரவுண்டுல ஒண்ணு சொல்லிக்குடுத்தாங்க. கீழேருந்து எழுந்திருக்கிறது. நாலு ஸ்டெப்பு."

"நீங்க பண்ணீங்களா?"

"இல்ல. பாத்தேன்."

"கிழிஞ்சுது. சொல்லுங்க."

"மொதல்ல பக்கவாட்டுல திரும்பு. முழங்கைய ஊனு."

திரும்பினாள்.

"இப்ப ரெண்டு முட்டியும் கையும் தரையில. கொழந்தை மாதிரி."

"முட்டி கொல்லுது." மெத்தையின் ஓரத்தை மடித்து முட்டிக்கு அடியில் அவளே தள்ளிக்கொண்டாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. நாற்காலிவரை தவழ்ந்தாள். இரண்டு கையையும் அதன் மேல் வைத்தாள்.

"ஒரு கால முன்னால வையி. பாதம் தரையில. நாற்காலிய அமுக்கி எழுந்திரு."

பாதி எழுந்து முட்டியில் விழுந்தாள். மறுபடி. மறுபடியும் விழுந்தாள். "போதும் விடு" என்று என் வாயில் வந்துவிட்டது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. காலை மாற்றி வைத்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

6.34. வசந்தா நின்றுகொண்டிருந்தாள்.

நாற்காலியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இரைத்தாள். புடவையைச் சரிசெய்தாள். மேலேயிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். நானூறு தடவை சண்டை போட்டிருக்கிறோம். எந்தச் சண்டையிலும் ஜெயித்து அப்படி அவள் பார்த்ததில்லை. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, என்னைக் கேட்காமலே பாத்ரூமுக்குப் போய்வந்தாள். அதற்கப்புறம்தான் போனை எடுத்தாள்.

ஷபீர் பாய் பத்து நிமிடத்தில் வந்தார். "ரெண்டு பேருன்னு சொன்னேனா இல்லியா சார்?" என்றார். ஒற்றை ஆளாகத்தான் என்னைத் தூக்கினார்.

தசைப் பிடிப்பாம். பத்து நாள் படுக்கை. மாலையில் ரேஷ்மா போன் செய்தார். எல்லாவற்றையும் சொன்னேன் — சுகர் பொய்யையும் சேர்த்து.

"அங்கிள், ஆன்ட்டிய தூக்கத்தான் இத்தினி நாளு வந்தீங்களா? ஆன்ட்டியையே கூட்டியாந்திருக்கலாமே! சரி, அவங்ககிட்ட குடுங்க."

பதினான்கு நிமிடம் பேசினார்கள். ஏப்ரலிலிருந்து நான் கேட்காத ஒரு கேள்வியை ரேஷ்மா முதல் நிமிடத்திலேயே கேட்டிருக்கிறார் போல. "ஆமா மேடம், எனக்கே எழுந்திருக்கத் தெரிஞ்சா போதும்" என்று வசந்தா சொன்னது என் கட்டிலுக்குக் கேட்டது.

ஒருவரைத் தாங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், அவரைக் கலந்துகொள்ள வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. இல்லையா?

புதன்கிழமையிலிருந்து வசந்தா போகிறாள். முதல் நாள் ஆட்டோவில் போனாள். அடுத்த நாளிலிருந்து பேட்ச்சுப் பெண்களோடு நடந்து போய்வருகிறாள். எதிர் வீட்டு வாசலைத் தாண்டும்போது அந்த இருவரில் ஒருவர் "இன்னா ஆன்ட்டி, வாக்கிங்கா?" என்று கேட்டதும், "வாக்கிங் இல்லப்பா, டிரெய்னிங்கு!" என்று இவள் சொன்னதும் ஜன்னல் வழியாகக் கேட்டது. நான் படுத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

இன்று உள்ளங்கையில் மண்ணோடு வந்து நின்றாள். தரையிலிருந்து எழுந்திருக்கும் பயிற்சியாம். நாற்காலி இல்லாமல் எழுந்தாளாம்.

"எத்தினி தடவை?" என்றேன்.

"யார் எண்ணுனா?" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

சரி, எண்ண வேண்டியதை நான் எண்ணிவிடுகிறேன். என் கட்டணம் 700, ஷூ 1,150, டாக்டரும் எக்ஸ்ரேயும் 900, மாத்திரை தைலம் 465, இடுப்புப் பெல்ட் 850, வசந்தாவின் கட்டணம் 700, முதல் நாள் ஆட்டோ 60. மொத்தம் நாலாயிரத்து எண்ணூற்று இருபத்தைந்து ரூபாய்.