கம்ப்யூட்டர் இல்லாத மத்தியானங்கள்

போன வாரம் பத்திரிகைக்குப் பத்தி எழுத உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டினேன். அது கண் விழிப்பதற்குள் தேநீர் போட்டு, ஆற்றி, குடித்து, கப்பையும் கழுவி வைத்துவிட்டேன். திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

சுற்றட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். எங்கள் ஃபிளாட் ஒன்பதாவது மாடி. மத்தியான வெயிலில் இங்கிருந்து பார்த்தால் கடல் அசைவதே தெரியாது. எதிர்க்கரையில் பட்டர்வொர்த்துக்கு ஆளேற்றிப் போகிற ஃபெரிகூட நின்ற இடத்திலேயே நிற்பதுபோல இருக்கும்... பார்த்துக்கொண்டே இருந்தால், என்ன எழுத வந்தோம் என்பது மறந்துபோகும். மறந்துதான் போனேன். பத்திரிகையிலிருந்து போன் வந்த பிறகுதான் பதறினேன்.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகளிடம் புலம்பினேன்.

"மா, அது நான் ஸ்கூல்ல ஃபார்ம் த்ரீ படிக்கிறப்ப வாங்குனது. இன்னுமா கட்டிக்கிட்டு அழறீங்க? வித்துட்டு ஒரு லேப்டாப் வாங்குங்கலா!"

விற்பதா? இல்லை, உள்ளே புதிதாக ஏதாவது போட்டு வைத்துக்கொள்வதா? வீட்டுக்காரரைக் கேட்டேன். பின்னால் சோபாவில் படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எழுதறது நீ. ஒன் இஷ்டம்."

கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்!

லிட்டில் இந்தியாவை ஒட்டி, ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறார் குமார். அவரிடம் கொண்டுபோய் இறக்கினேன். பெட்டியின் முகப்பில் காய்ந்துபோயிருந்த சந்தனத்தைப் பார்த்துச் சிரித்தார். சரஸ்வதி பூஜைக்குச் சரஸ்வதி பூஜை நான் வைத்தது. சுரண்டி எடுக்க மனசு வராமல் அடுக்கடுக்காகச் சேர்ந்திருந்தது.

"அக்கா, தாசேக் கெலுகோர் டவுன்ல ஒருத்தர் கடைக் கணக்கு பாக்கப் பழைய செட்டு கேட்டாரு. அவருக்குக் குடுத்துடலாம். இல்லன்னா ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு வேகமா ஓடுற எஸ்எஸ்டி போட்டு, ரேம் கூட்டி, உள்ள இருக்கிற ஃபேனையும் மாத்திடலாம். ஃபேன் என்னா கத்து கத்துதுலா!"

"அநேகமா விக்கிறதுதான் தம்பி. ரெண்டு மூணு நாள்ல சொல்றேன்."

அன்று மத்தியானம் வீடு வேறு மாதிரி இருந்தது. மேசையில் பெட்டி இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் சதுரமாகப் பளிச்சென்று இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா வாணலியைத் தேய்ப்பது கேட்டது. திரைச்சீலை சுவரில் உரசுவது கேட்டது. இத்தனை வருஷமாக இந்தச் சத்தமெல்லாம் எங்கே இருந்தது? லேப்டாப் வந்தால் தினமும் இப்படித்தான் இருக்கும், எவ்வளவு அமைதி என்று சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

சோபாவில் வீட்டுக்காரர் புரண்டு படுத்தார். மறுபடியும் புரண்டார்.

போன வருஷம் அவருக்கு இதய ஆபரேஷன் நடந்தது. மத்தியானத் தூக்கம் கட்டாயம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதில் எங்களுக்குச் சிரமமே இருந்ததில்லை. சாப்பிட்டுவிட்டு நான் எழுத உட்கார்ந்தால் போதும், பின்னால் குறட்டை ஆரம்பித்துவிடும். ஆனால் அன்று அவர் தூங்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் எழுந்து ஹாலில் நடக்கவே ஆரம்பித்துவிட்டார். முகம் வெளுத்து, கண் உள்ளே போயிருந்தது.

"நெஞ்சு வலிக்குதாங்க?"

"இல்லலா... தூக்கம்தான் வர மாட்டேங்குது."

"சுண்டல்கூட செய்யலியே நான்!"

சுண்டலுக்கு ஒரு கதை உண்டு. ஒவ்வொரு சரஸ்வதி பூஜை அன்றும் மனிதர் மத்தியானம் தூங்க மாட்டார். கொண்டைக்கடலை வாயு என்று நானே தீர்ப்புச் சொல்லி, வருஷத்துக்கு வருஷம் அவர் பங்கைக் குறைத்து, இப்போது ஒரு கரண்டியில் வந்து நிற்கிறது. இந்தத் தடவை சுண்டலே இல்லை. அப்புறம் என்ன?

அப்போதுதான் உறைத்தது. பூஜையன்று நம் வீடுகளில் புத்தகத்தை யாரும் தொடுவதில்லை. என் தொழிலுக்கு எது கருவி? கம்ப்யூட்டர். அதை அணைத்துவிட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பட்டுத் துணி போர்த்திவிடுவேன். வருஷத்தில் அந்த ஒரு மத்தியானம்தான் அது ஓடாது; அதன் ஃபேன் சத்தமும் கேட்காது.

வீட்டுக்காரர் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வரும் டக் போட்டில் எஞ்சின் பார்த்தவர்.

"ஏங்க, போட்ல எப்படித் தூங்குவீங்க?" என்று கேட்டேன்.

"எஞ்சின் ஓடுற வரைக்கும் நிம்மதியா தூங்குவோம். நின்னா ஒடனே முழிச்சுக்குவோம். எஞ்சின் நின்னா ஏதோ கோளாறுன்னு அர்த்தம்லா..." சொல்லிக்கொண்டே காலி மேசையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "அட... அதுவா?"

நான் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்க, என் முதுகுக்குப் பின்னால் இந்த மனிதர் தினமும் கடலுக்குப் போய்வந்துகொண்டிருந்திருக்கிறார். அவருக்கே தெரியாமல்.

போனை எடுத்தேன்.

"தம்பி, வித்துட்டீங்களா?"

"தாசேக் கெலுகோர்க்காரர் வந்து பாத்துக்கிட்டு இருக்காருக்கா. புடிச்சிருக்காம்."

"குடுத்துடாதீங்க! எஸ்எஸ்டி போடுங்க, ரேம் போடுங்க, எது வேணா போடுங்க. ஃபேன மட்டும் தொடாதீங்க."

குமார் மெல்லக் கேட்டார்: "அக்கா... எல்லாரும் சத்தம் போடுதுன்னு ஃபேன மாத்தச் சொல்வாங்க. நீங்க...?"

"கொஞ்சம் துடைச்சு மட்டும் குடுங்க தம்பி. சந்தனமும் இருக்கட்டும்."

நேற்று பெட்டி வீடு திரும்பியது. இன்று சாப்பாட்டுக்குப் பிறகு தட்டினேன். தேநீர் போட எழுந்திருக்கக்கூட நேரமில்லை, கண் சிமிட்டுவதற்குள் திரை தயார். ஃபேன் மட்டும் பழையபடி 'ஊம்ம்ம்' என்று மூச்சு விட்டது. முதல் வரியை யோசிப்பதற்குள் பின்னால் குறட்டை கேட்டது. ஜன்னலுக்கு வெளியே ஃபெரி நின்ற இடத்திலேயே நின்றது...

இந்த வருஷப் பூஜைக்குச் சரஸ்வதியிடம் ஒரு விதிவிலக்குக் கேட்கப் போகிறேன், கம்ப்யூட்டர் மட்டும் அன்றைக்கும் ஓடட்டும் என்று. வீட்டுக்காரர் பங்குச் சுண்டலையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பத்தி முடிந்துவிட்டது. அனுப்பியும் ஆயிற்று. ஆனால் கம்ப்யூட்டரை இப்போது அணைக்க மாட்டேன்... அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.