சுண்டுவிரலுக்கு இடமில்லாத துப்பாக்கி

இரண்டையும் ரப்பர் விரிப்பின் மேல் பக்கம் பக்கமாக வைக்கச் சொல்லிவிட்டு, டெல்மர் ரக்மன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கிறார். வலப்பக்கம் இருப்பது முழு அளவுக் கைத்துப்பாக்கி. அதே மாடலில் ஒன்று அவர் இடுப்பிலேயே இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் தன்னுடையதைக் கடைக்குள் உருவுவது மரியாதை இல்லை என்பதால், கடைக்காரர் லைல் அலமாரியிலிருந்து அதன் உடன்பிறப்பை எடுத்து வைத்திருக்கிறார். இடப்பக்கம் இருப்பது கச்சிதமானது. உள்ளங்கையை விரித்தால் ஏறக்குறைய அதற்குள் அடங்கிவிடும்.

லைல் ஒவ்வொன்றையும் இழுத்துத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்த பிறகுதான் நீட்டுவார். டெல்மர் வாங்கியதும் தானும் ஒருமுறை திறந்து பார்ப்பார். ஒருவர் பார்த்ததை மற்றவர் நம்புவதில்லை. இதில் இருவருக்கும் மனவருத்தம் கிடையாது.

பெரியதைப் பிடித்தால் ஐந்து விரலும் இடம் பிடித்து உட்கார்ந்துவிடுகின்றன. சின்னதில் சுண்டுவிரலுக்கு இடமில்லை. அது அந்தரத்தில் தொங்குகிறது.

"இந்த வெரல என்னடா தம்பி பண்றது?"

"மடக்கிக்கங்கண்ணே. ஊரே மடக்கிக்கிட்டுதான் சுடுது."

"சீமாட்டி டீ குடிக்கிற மாதிரியில்ல இருக்கு."

"அப்ப பெரிசையே வெச்சுக்கங்க."

"அதத்தான் மறைக்க முடியலையே!"

இதே பேச்சு போன சனிக்கிழமையும் நடந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமையும் நடந்தது. லைல் விற்பனையைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிட்டு, டெல்மர் வரும் நேரத்துக்குக் காப்பி போட்டு வைக்கப் பழகிக்கொண்டார்.

டெல்மர் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், தெற்கு மூலையில் அவர் பிறந்த ஊரிலேயே வசிக்கிறார். வெளியூர்க்காரர்களிடம் அதை ஒரு சாதனையாகச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் கதவோரப் பெஞ்சு அவருடையது. சபைக்கு ஒரு காவல் குழு உண்டு. அதில் டெல்மரும் லைலும் இன்னும் இரண்டு பேரும். ஆராதனை நடக்கும்போது மற்றவர்கள் கண்ணை மூடி ஜெபிப்பார்கள், இவர்கள் திறந்துகொண்டு ஜெபிப்பார்கள். குழு ஆரம்பித்த நாளிலிருந்து அத்துமீறி உள்ளே நுழைந்தது ஒரே ஒரு ரக்கூன், பூனையைவிடச் சற்றுப் பெரிய, தின்பண்டம் திருடும் காட்டுப் பிராணி. அது நேராகச் சமையலறைக்குப் போய், சபை விருந்துக்கு வைத்திருந்த பீச் பழப் பையில் முகத்தைப் புதைத்தது. லைல் விளக்குமாற்றால் விரட்டினார். டெல்மர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

பெரிய துப்பாக்கிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. டெல்மர் உட்கார்ந்தால் அது மரப் பெஞ்சில் இடித்து 'டொக்' என்று சத்தம் போடும். பாஸ்டர் அந்த டொக்கைக் கேட்ட பிறகே ஜெபத்தைத் தொடங்குவார். எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள் என்பதற்கு அது அடையாளம். டெல்மருக்கு இதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆகவே கச்சிதமானதைத் தேடி அவர் கடைக்கு வந்தது சத்தத்துக்காக அல்ல.

பேத்திக்காக வந்தார்.

மகள் ஜனெல், கான்சாஸ் சிட்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸ். ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினத்துக்கு, கைக்குழந்தையோடு வந்திருந்தாள். கொல்லைப்புறத்தில் கறி வெந்துகொண்டிருந்தது. அவள் இடுப்பிலிருந்த குழந்தை ஹேடியை வாங்க டெல்மர் குனிந்தார், சட்டை மேலேறித் துப்பாக்கி தெரிந்தது. ஜனெல் குழந்தையை அப்படியே மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அது ஒங்க இடுப்புல இருக்கிறவரைக்கும் இவ ஒங்க கைக்கு வரமாட்டாப்பா. சண்ட போடல. சொல்றேன்."

"உறைக்குள்ளதானம்மா இருக்கு. பத்திரமா இருக்கு."

"எங்க வார்டுக்கு ஓடி வர்றவங்க எல்லாரும் அப்படித்தாம்ப்பா சொல்றாங்க."

டெல்மர் உருளைக்கிழங்கு சாலட் இருந்த பக்கம் போய், வேண்டாத அளவுக்குச் சாப்பிட்டார். அன்று அவருக்கு வலித்தது. மகள் சொன்னது நியாயமா இல்லையா என்று யோசிக்கக்கூட முடியாத அளவுக்கு வலித்தது. இப்போது அக்டோபரில் அதே சபையில் ஹேடியின் பிரதிஷ்டை, குழந்தையைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கும் சடங்கு. ஜனெல் மறுபடி வருகிறாள்.

"ஒரு ஞாயித்துக்கெழம வண்டியில வெச்சுப் பூட்டிட்டு வந்தா குடியா முழுகிடும்?" என்று கேட்டாள் மனைவி வெர்னா.

"கதவுப்பக்கம் என் பொறுப்பாச்சே. அது இல்லாமப் போனா பேன்ட் இல்லாமப் போன மாதிரி இருக்கும் எனக்கு."

"அந்தக் கதவு வழியா வந்தது ஒரு ரக்கூன். அதுவும் பேன்ட் போடாமத்தான் வந்துச்சு. என் கல்யாண மோதிரத்த அஞ்சு நிமிஷத்துல வாங்கின மனுஷன், இந்தச் சனியனுக்கு மாசக்கணக்கா அலையிறியே."

பிரதிஷ்டைக்கு முந்தின சனிக்கிழமை டெல்மர் சின்னதை வாங்கினார். சுட்டுப் பார்க்கும் இடத்தில் அது கையில் துள்ளியது, குண்டுகள் இலக்கு அட்டையின் ஓரத்தில் ஊர்வலம் போயின. பெரியதாக இருந்தால் நடுவில் ஒரே ஓட்டையாகப் போட்டிருப்பார். "பழகிடும்ணே" என்றார் லைல். டெல்மர் வேறொரு கணக்கில் இருந்தார்.

"அவ கண்ணுல படாதது அவள என்ன பண்ணப்போகுது?" என்றார்.

லைல் வழக்கமாக இப்படிப்பட்ட வாக்கியங்களுக்குத் தலையாட்டுவார். அன்று காப்பிக் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டெல்மர் உட்கார்ந்தபோது சத்தம் வரவில்லை. பாஸ்டர் சற்று நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, குழப்பத்தோடு ஜெபத்தைத் தொடங்கினார். ஹேடி மேடையில் அழவில்லை, பாஸ்டரின் டையைச் சப்பினாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

முன்கூடத்தில் ஜனெல் அவரிடம் வந்தாள். கண் நேராக அவருடைய வலது இடுப்புக்குப் போனது. நர்ஸின் பார்வை, லேசில் ஏமாறாது. சட்டை மடிப்பில்லாமல் சமமாக விழுந்திருந்தது. அவள் முகம் இளகியதை டெல்மர் பார்த்தார். அவள் சிறுமியாக இருந்த காலத்துக்குப் பிறகு அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை.

"விட்டுட்டு வந்துட்டீங்க" என்றாள். அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. "நீங்க செய்வீங்கன்னு நெனைக்கவேயில்லப்பா. அம்மாகிட்டகூடச் சொன்னேன், அந்த மனுஷன் மாறவே மாட்டாருன்னு. தப்பாச் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு ஹேடியை அவர் கையில் வைத்தாள்.

குழந்தை அவர் எதிர்பார்த்ததைவிடக் கனமாக, பால் வாசனையோடு இருந்தது. அவருடைய காலரைப் பிடித்து இழுத்து, தனக்குப் புரிந்த ஏதோ ஒன்றைச் சொல்லிச் சிரித்தது. கால் இரண்டும் சும்மா இல்லை, ஒரு குதிகால் அவர் இடுப்பில் உதைத்துக்கொண்டே இருந்தது. கூடத்தின் மறுகோடியிலிருந்து லைல் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். சாப்பாட்டு மேசையிலிருந்து வெர்னா கூப்பிட்டாள். ஜனெலுக்கு எதுவும் தெரியாது. இனியும் தெரியப்போவதில்லை. வாங்கிய வேலையைச் சின்னது அப்பழுக்கில்லாமல் செய்துகொண்டிருந்தது.

"ஜனெல்" என்றார் டெல்மர். "இவள வாங்கிக்க."

"ஏன், ஈரம் பண்ணிட்டாளா?"

"இல்லம்மா. வாங்கிக்க."

அவள் சிரித்துக்கொண்டே வாங்கினாள். குழந்தையைத் தோளில் சாய்த்து, தலைக்குக் கை கொடுத்துச் சரிசெய்யும்வரை டெல்மர் காத்திருந்தார். பிறகு தன் சட்டையின் வலது ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, மெதுவாக மேலே தூக்கினார்.