ஒதுங்க ஓர் இடம்

நான் நாள் தவறாமல் குறிப்பு எழுதுகிறவன். மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, லிந்துலை பஸ் எத்தனை நிமிடம் பிந்தியது என்பதுவரை அதில் இருக்கும். சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு ஐந்து வரிகள் எழுதியிருக்கிறேன். ஐரோப்பாவிலிருந்து ஒரு பெண் தோட்டத்துக்கு வந்தது, மொழிபெயர்க்க நான் போனது, பத்தேகாலுக்குப் பனி விலகியது, கேள்விகள் நாற்பத்தொன்று, எல்லாம் சுமுகம். ஐந்தாவது வரி பொய்.

நான் இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் கிளாக்கர். எங்கள் தேயிலையில் ஒரு பகுதியை ஐரோப்பாவில் உள்ள ஒரு சிறிய கம்பனி நேரடியாக வாங்குகிறது. பொருளை உண்டாக்கும் தொழிலாளர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதை வாங்குகிற கம்பனியே விசாரித்துப் பதிய வேண்டும் என்று அங்கே சட்டம் வந்துகொண்டிருந்தது. அந்த விசாரணைக்காகத்தான் கம்பனி தன் ஊழியரான அந்தப் பெண்ணைத் தடித்த கோப்பு ஒன்றுடன் அனுப்பியிருந்தது.

ஜீப்பில் மலைக்கு ஏறும்போது அவர் ஆங்கிலத்தில் மனம்விட்டுப் பேசினார். தங்கள் கம்பனியில் இருப்பதே சில பேர், அதில் ஒருவருக்கு நாள் முழுக்கப் படிவம் நிரப்புவதுதான் வேலை. இந்தச் சட்டங்கள் இல்லாத நாட்டுக் கம்பனிகள் இதே தேயிலையை மலிவாக விற்கின்றன. இப்படியே போனால் ஐரோப்பாவில் யாரும் தொழில் நடத்த முடியாது என்றார். இதைப் பற்றியெல்லாம் நான் வருடக்கணக்காக வாசித்து வந்திருந்தேன். அங்கே மின்சாரம் விற்கும் விலை, அமெரிக்காவோடும் சீனாவோடும் அவர்களுக்குள்ள போட்டி, விதிகள் கூடக்கூடச் சிறு கம்பனிகள் மூடிக்கொண்டு போவது என்று நானும் கொட்டித் தீர்த்தேன். "உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று அவர் வியந்தார். அந்த வியப்பு எனக்கு இனித்தது. ஜீப்பை விட்டு இறங்கும்போது நான் முழுக்க அவர் பக்கத்து ஆளாகியிருந்தேன்.

மூன்றாம் நம்பர் மலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"தொரசாணிக்குக் காலு எம்மாம் நீளம் பாத்தியா. அட்டைங்களுக்கு இன்னைக்குத் தீவாளிதான்" என்றாள் ஒருத்தி.

"கிளாக்கரையா, சிரிக்கிறோம்னு அதையும் எழுதிக்கப் போறாங்க. அங்கிட்டுத் திரும்பிக்கச் சொல்லுங்க" என்றாள் இன்னொருத்தி.

வந்தவர் தானாகவே அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். ஐம்பது வயதிருக்கும். நான் பிறந்த லயத்துக்கு அடுத்த லயத்தில், அடுத்த வரிசை வீடுகளில், இருப்பவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முதல் இருபது கேள்விகள் தடையின்றிப் போயின. பிறகு வேலைத்தளத்தைப் பற்றிய கேள்வி வந்தது.

"இங்க வேல செய்யிறதுல ஏதாச்சும் கொறை இருக்கான்னு கேக்குறாங்கக்கா" என்றேன்.

தள்ளி நின்று வேலையை மேற்பார்த்த கண்டாக்கு ஐயாவை ஒரு முறை பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "மத்ததெல்லாம் விடுங்கய்யா. ஒதுங்க ஒரு எடமில்ல. காலையில பேர் குடுத்துட்டு மலைக்கு ஏறுனா, வீட்டுக்குப் போறவரைக்கும் அடக்கிக்கிட்டுத்தான் நிக்கிறோம். அதுக்குப் பயந்தே நான் தண்ணி குடிக்கிறதில்ல. ரெண்டு தடவ ஆஸ்பத்திரியில கெடந்துட்டேன். இத நல்லா எடுத்துச் சொல்லுங்க."

மழைக்குக் கூரையடியில் நிற்பதும் ஒதுங்குவதுதான். பெண்கள் மறைவிடம் தேடிப் போவதும் ஒதுங்குவதுதான். அக்கா எதைச் சொன்னார் என்பதில் எனக்கு இம்மியளவு சந்தேகமும் இல்லை. ஆனால் மழை வந்தால் நிற்க இடம் கேட்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தண்ணீரையும் ஆஸ்பத்திரியையும் விட்டுவிட்டேன்.

வந்தவர் திரும்பிப் பார்த்தார். கீழே, கொழுந்து நிறுக்கும் தகரக் கொட்டகை தெரிந்தது. "அதோ இருக்கிறதே?" என்றார். ஆமாம் என்றேன். படிவத்தில் சரி போட்டார். அந்தப் பேனா அசைவதைப் பார்த்து அக்கா தலையை ஆட்டினார், தன் சொல் தாளில் ஏறிவிட்டதென்று.

வாங்குகிறவர்கள் கைநழுவிப் போய்விடுவார்களோ என்ற பயத்தில் அப்படிச் செய்ததாகப் பல மாதம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. ஜீப்பில் அத்தனை பேசிவிட்டு, அந்தக் கோப்பில் ஒரு சுமையை ஏற்றுகிறவனாக நான் இருக்க விரும்பவில்லை. ஒரு வெளிநாட்டுப் பெண்ணிடம் அந்த விஷயத்தைச் சொல்லக் கூச்சமாகவும் இருந்தது. அவரும் பெண்தான், சொன்னவுடன் புரிந்துகொண்டிருப்பார்.

பிறகு ஐரோப்பாவில் அந்தச் சட்டத்தை முதலில் தள்ளிப்போட்டார்கள், அப்புறம் மிகப் பெரிய கம்பனிகளுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். தொழில்களின் சுமையைக் குறைக்கிறார்களாம். அந்தச் செய்தியை வெட்டி ஒட்டி வைத்தேன். வாங்குகிற கம்பனியிடமிருந்தும் மின்னஞ்சல் வந்தது: இனி யாரும் நேரில் வரமாட்டார்கள், தோட்டத்து மேனேஜரான துரை கையெழுத்திட்ட ஒரு பக்க உறுதிமொழி போதும். ஜீப்பில் நான் சொன்னது சரியாகிவிட்டது என்று அன்றைக்குக் குறிப்பில் எழுதினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைக் கடைவாசலில் நிறுத்தினார்.

"ஐயா, அந்தத் தொரசாணி மறுபடி எப்ப வாராங்க? வருஷம் ஒன்னுக்கு மேல ஆச்சு. எடங்கூடப் பாத்து வச்சுட்டோம், பாறைக்கு அந்தாண்ட. இவளுங்க கேலி பண்ணுறாளுங்க, ஒன் கக்கூஸு கப்பல்ல வருதான்னு." சிரித்தார். அடுத்த வாரம் மறுபடி கிளினிக்குக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார்.

அங்கேயே, நின்றபடி, நடந்ததைச் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. "மழைக்குன்னா சொன்னீங்க?" என்றார். பிறகு சொன்னார்: "வெக்கமா இருந்துச்சுன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. நானே கையால காட்டியிருப்பேன்."

மறுநாள் ஐரோப்பாவிலிருந்து வந்த அந்தப் பெண்ணின் மின்னஞ்சல் முகவரிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் வேறொருவர் பதில் போட்டார். அந்த வேலை இப்போது இல்லை, அவரும் விலகிவிட்டார், தோட்டத்து விஷயங்களை நிர்வாகத்தின் மூலம் தெரிவிக்கவும்.

ஆகவே நான் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு துரையிடம் போனேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டு முறை வாசித்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. அந்த ஃபோர்ம்ல கொறைன்னு ஒன்னு ஏறியிருந்தா, சரி பண்ணுற செலவுல பாதிய அந்தக் கம்பனி போடணும். ஒப்பந்தம் அப்படித்தான் இருந்துச்சு. இப்ப ஃபோர்மும் இல்ல, கேள்வியும் இல்ல. மேல கேட்டா என்ன சொல்லுவாங்கன்னு ஒங்களுக்கே தெரியும்."

"கேட்டுப் பாருங்க சார்."

"கேக்குறேன்."

சாயங்காலம் அக்கா கொழுந்து நிறுத்துவிட்டு வந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டார். துரை மேலே கேட்பதாகச் சொன்னார் என்றேன். பாதிச் செலவைப் பற்றி நான் சொல்லவில்லை.