சர்வர் வரும் வழி

“ஒதுங்குங்க, ஒதுங்குங்க, சர்வர் வருது!” என்று கத்திக்கொண்டே எங்கள் கணினிப் பொறுப்பாளர் வினார்சி நடைவழியில் வருகிறாள். தூக்கி வருவது ஆளுயர அட்டைப்பெட்டி. வரப்போகும் சர்வர் அலமாரியின் அளவுக்கு அவளே வெட்டி ஒட்டியது. சுரபாயாவில் எங்கள் கப்பல் டிக்கெட் அலுவலகத்தில் மதியம் ஆனால் இந்த ஊர்வலம்தான்.

“அக்கா, உள்ள யார ஒளிச்சு வச்சிருக்கீங்க?” என்றேன் ஒருநாள்.

“உன் சம்பளத்த. நகருடா!”

எந்தக் கதவில் இடிக்கும், எந்தத் திருப்பத்தில் சாய்க்க வேண்டும் என்று முன்கூட்டியே பார்க்கிறாளாம். லிஃப்ட் தாங்குமா என்று சந்தேகம் வந்தபோது, சர்வரின் எடைக்கு ஈடாக எங்களில் குண்டானவர்களைப் பொறுக்கி உள்ளே அடைத்தாள். என்னைத்தான் முதலில் பொறுக்கினாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

பயமும் அவளுக்கு உண்டு. பழைய சர்வர் இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. “திங்கக்கிழம லீவு டிக்கெட் விக்கணும். கவுண்டர் திறக்கலன்னா நீ வேலைக்கு வராத” என்று மேலாளர் பாக் சுகெங் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை அலமாரி வந்தது. லிஃப்ட், திருப்பம், எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. சர்வர் அறை வாசலில் பார்த்தால், அடப்பாவிகளா! மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்துப் படைக்காமல் இங்கே எவன் புதுச் சுவிட்சைத் தொடுவான்? அலமாரி நிற்க வேண்டிய இடத்திலேயே மேசை போட்டு, சோற்றைக் குவித்து, சுற்றிலும் பாக் சுகெங்கோடு பாதி அலுவலகம் நின்றது. வாசலை அலமாரி அடைத்துக்கொண்டது. சக்கரம் வாசற்படியில் மாட்டி, பின்னாலும் வர மறுத்தது. உள்ளே இருந்தவர்கள் உள்ளேதான்.

“எல்லாத்தையும் அளந்தேன், சோத்த அளக்கலையே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள் வினார்சி. மறுநொடி அலமாரிக்கு மேலே எக்கி, “சார், சாப்பிடுங்க! எல்லாரும் சாப்பிடுங்க! மேசைய மடக்கணும்!” என்று அலறினாள்.

சாப்பிட்டார்கள் ஐயா, அப்படிச் சாப்பிட்டார்கள்! பாக் சுகெங் கோழிக்காலைப் பல்லில் கவ்விக்கொண்டு மேசைக்காலை மடக்கினார். அலமாரி உள்ளே உருண்டது. சாயங்காலமே முதல் டிக்கெட் அச்சாகி வெளியே வந்தது.

கோபுரத்தின் நுனி எப்போதும் மூத்தவருக்குத்தான். பாக் சுகெங் அதை மட்டும் வாழையிலையில் தனியே எடுத்து வைத்திருந்தார். இப்போது வினார்சியிடம் நீட்டினார்.

“இந்தா. திங்கக்கிழம சீக்கிரம் வந்துடு.”

அவள் அதை அப்படியே வாயில் அடைத்துக்கொண்டாள். இரைந்துகொண்டிருந்த சர்வர் அலமாரியை இரு கையாலும் கட்டிக்கொண்டு, உப்பிய கன்னங்களோடு விசும்பி விசும்பிச் சிரித்தாள்.