கடலை வண்டி இல்லாத வாவி

எனக்குக் கலைக்கண் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது நானேதான். வேறு யாரும் கண்டுபிடிக்கிற மாதிரித் தெரியவில்லை. பழைய கமரா ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பிறந்ததிலிருந்து பார்த்துச் சலித்த கண்டியைச் சுற்றுலாக்காரனைப் போல வாயைப் பிளந்து பார்க்கத் தொடங்கினேன். அரசாங்கக் காரியாலயம் ஒன்றில் கோப்பு எழுதும் இலிகிதர் வேலை. ஆகவே காலையில் ஆறிலிருந்து எட்டு மணிவரைதான் கலைஞன்.

என் கலைக்கு ஒரே சட்டம்தான். படத்தில் மனிதன் இருக்கக் கூடாது. ஓட்டோ, விளம்பரப் பலகை, மின்கம்பி எதுவும் கூடாது. கண்டியில் கம்பி இல்லாத வானம் வேண்டுமென்றால் வாவிக்கு நடுவில் மல்லாந்து மிதக்க வேண்டும். அதனால் கைபேசியில் கம்பியை விரலால் தேய்த்து அழிக்கும் வித்தையைப் பழகிக்கொண்டேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே எடுத்த ஒரு படத்தில் கம்பியை அழித்துவிட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்த நான்கு காகங்களை மறந்துபோனேன். காகங்கள் வெறும் வானத்தில் வரிசையாகக் குந்தியிருந்தன. நாங்கள் படம் போட்டு ஒருவரையொருவர் மெச்சிக்கொள்ளும் முகநூல் குழுவில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. "என்ன லென்ஸ் அண்ணே?" என்று மட்டும் ஒருவர் கேட்டார்.

தெல்தெனியவில் நீர்த்தேக்கம் வற்றினால், மூழ்கிய பழைய ஊரின் சுவர்கள் தலை நீட்டும். உடனே குழுவில் உள்ள அத்தனை பேரும் போய் அதே சுவரை அதே பக்கத்திலிருந்து எடுப்போம். ஆளில்லாத ஊரின் தனிமையை எடுப்பதற்கு அங்கே நெரிசலில் முண்டியடிக்க வேண்டியிருக்கும்.

எனக்கென்று நான் பிடித்துவைத்திருந்த இடம் வாவிக்கரையில் ஒரு வளைவு. பெரிய மாரா மரம், கீழே தண்ணீர், எதிரே மலை. எல்லாம் பொருந்தியிருந்தன, நடுவில் நின்ற கடலை வண்டியைத் தவிர. அதற்கு ஒரு சிவப்புக் குடை வேறு. மடவளையிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் ஒரு முஸ்லிம் பெரியவரின் வண்டி அது; எல்லோருக்கும் அவர் நானா. காலையில் வாவியைச் சுற்றி நடக்க வருகிறவர்களுக்கு அவித்த கடலை விற்பார்.

"நானா, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கிறீங்களா?"

ஆறு வருடங்களாக இதைச் சொன்னேன். அவரும் முகம் சுளிக்காமல் குடையை மடக்கி, வண்டியை மரத்துக்கு அப்பால் உருட்டிப்போவார். கடலை வாங்க நின்றவர்களும் கையில் காசோடு பின்னால் போவார்கள். ஒருநாள் மட்டும் கேட்டார்.

"படத்துல நான் ஈந்தா வாவி கொறஞ்சிடுமா தம்பி?"

"இயற்கையா இருக்கணும் நானா" என்றேன். அந்த வாவியே மனிதன் வெட்டியதுதான் என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

போன வருடக் கடைசியில் ஒரு வியாபாரி அந்த வளைவில் நான் எடுத்த படம் ஒன்றை ஒற்றைத் தாள் கலண்டராக அடித்து ஊரெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். தரையில் கால் பாவாமல் திரிந்தேன். அதில் ராகுகாலம் போடவில்லை என்று மனைவி அதை அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டிவிட்டாள். நானாவுக்கும் ஒன்று கொடுத்தேன். அவர் விரித்துப் பார்த்துவிட்டுச் சுருட்டிக் குடைக்கம்பியில் செருகிக்கொண்டார்.

இந்த வருடம் வாவிக்கரை வியாபாரிகளை அங்கிருந்து அப்புறப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பல வருடம் ஒரே இடத்தில் வியாபாரம் செய்ததற்கு அத்தாட்சி காட்டுகிறவர்களுக்குப் புதுக் கட்டிடத்தில் இடம் உண்டு. ஒரு போட்டோ இருந்தாலும் போதும். இல்லாதவர்கள் வண்டியை வீட்டுக்கு உருட்ட வேண்டியதுதான். பலூன்காரர் வெள்ளைக்காரிகளோடு நின்று எடுத்த படங்களைக் கொடுத்து இடம் வாங்கிவிட்டார். நம்முடைய நானா அலட்டிக்கொள்ளவே இல்லை. "எனக்கென்ன, தெனம் படம் புடிக்கிற ஆளே ஈக்கிறாரே" என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

என்னிடம் வந்து கேட்டபோது, "எத்தனை வேணும் நானா?" என்றேன், பெரிய மனிதன்போல.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினேன். ஆறு வருடத்து வாவி முழுவதும் இருந்தது. பனியில் வாவி, மழையில் வாவி, நீர்க்காகத்தோடு வாவி. நானா இல்லை. ஒரு படத்தில் அவருடைய முழங்கை. ஒன்றில் வண்டிச் சக்கரத்தில் கால்வாசி. இன்னொன்றில் தண்ணீருக்குள் தலைகீழாக ஒரு சிவப்புக் குடை. அதை நான் பூ என்று நினைத்துத்தான் விட்டுவைத்திருக்கிறேன். முழு வண்டியும் பதிவாகியிருந்த ஒரே படத்தில் அதை விரலால் தேய்த்து அழித்து, அதன்மேலேயே சேமித்தும் இருந்தேன்.

முழங்கைப் படத்தையும் குடைப் படத்தையும் எடுத்துக்கொண்டு, அவரோடு நானும் இடம் ஒதுக்கும் காரியாலயத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மையார் மரியாதையாகத்தான் பேசினார். படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தனக்குப் பின்னால் சுவரைக் காட்டினார். அங்கே என் கலண்டர் தொங்கியது.

"அந்த இடம் இதுதானே? இதில் வண்டி ஒன்றும் இல்லையே" என்றார் சிங்களத்தில்.

நானா கலண்டரைப் பார்த்தார். எடுத்தது யார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெளியே வந்து படியிறங்கும்போது, "படம் அழகாத்தான் ஈக்கி தம்பி" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அவமானமாக இருந்தது. கமராவைத் தூக்கி வாவியில் போட்டுவிடலாம் போலிருந்தது.

வீட்டில் சொன்னேன். மனைவி தன் கைபேசியை எடுத்துத் தேடினாள்.

"இதப் பாருங்க. நாலு வருசத்துக்கு முந்தி, நானும் உங்களோட வந்த அன்னிக்கு எடுத்தது. தேதியும் இருக்கு."

படத்தின் நடுவில் நான் வாவிச் சுவரோரம் குனிந்து, பின்பக்கத்தை வானத்துக்குக் காட்டி, தரையோடு தரையாகக் கமராவைப் பிடித்திருந்தேன். எனக்குப் பக்கத்தில் நானா, வண்டி, விரித்த சிவப்புக் குடை, கடலை வாங்கும் இரண்டு பேர், எல்லாம் பளிச்சென்று இருந்தன. வண்டி தள்ளப்படுவதற்கு முந்திய நிமிடம்.

"எதுக்கு எடுத்த?"

"தங்கச்சிக்கு அனுப்ப. அத்தான் படம் புடிக்கிற லட்சணத்தப் பாருன்னு."

நான்கு வருடமாக மனைவியின் குடும்பத்தார் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அதை அச்சடித்து அடுத்த நாள் காலையிலேயே நானாவும் நானும் கொண்டுபோனோம்.

அம்மையார் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். வண்டி, மரம், தேதி எல்லாம் சரியாக இருக்கிறது, இடம் கிடைக்கும் என்று சொல்லி முத்திரை குத்தினார். குத்திய பிறகும் படத்தைக் கீழே வைக்கவில்லை. என் பின்பக்கத்தின்மேல் விரலை வைத்து, நானாவிடம் கேட்டார்.

"நடுவில் குனிந்து நிற்கிற இந்த ஆள் இல்லாத படம் ஒன்றும் இல்லையா?"

நானா என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவர எப்படி மிஸ் தள்ளி நிக்கச் சொல்றது?" என்றார். "தெனமும் அங்க வார மனிசன்."