காக்காவுக்கு வைத்த சோறு

விடியும் முன்பே தகரக் கூரையில் நகம் கீறுகிற சத்தம்... அப்புறம் ஒரு காக்கா கத்தும். உடனே நூறு கத்தும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவின் கோலசிலாங்கூர் டவுனில் யாருக்கும் கடிகாரம் தேவைப்படவில்லை.

இன்று பேப்பரில் யாரோ ஒருவர், காக்கா தொல்லை தாங்கவில்லை, எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளுங்கள் என்று கடிதம் எழுதியிருக்கிறார். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுபது தாண்டிய கிழவனுக்கு இவ்வளவு கோபம் ஆகாதுதான். என்ன செய்ய, நண்பர்களே...

அப்போது எனக்கு இருபது வயது. டவுன் சுகாதாரத்தைக் கவனிக்கும் ஆபீஸில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. மீன் மார்க்கெட்டில் காக்கா அட்டகாசம் என்று தினமும் புகார் வரும். மலாய்க்கார மீன் வியாபாரி, சீன முதலாளி தவுக்கே, நம்ம சாப்பாட்டுக் கடைக்காரர்... மூன்று பேரும் ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"இது இந்த ஊருப் பறவையே இல்லலா. எங்கிருந்தோ வந்து நம்ம உயிர எடுக்குது" என்பார் கடைக்காரர். அவர் கப்பலில் வந்தே ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது!

காக்கா தானாகவா வந்தது? காப்பிச் செடிப் புழுவைத் தின்னட்டும் என்று வெள்ளைக்காரத் துரைமார் சிலோனிலிருந்து பிடித்துவந்து கிள்ளானில் விட்டார்கள். காப்பி போய் ரப்பர் வந்தது. வேலை முடிந்ததும் காக்கா சனியனாகிவிட்டது.

எங்கள் பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். ஆபீஸ் துரை "உங்க ஊர்க் காக்கா" என்று கேலி செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். பிறகு எங்களிடம் வந்து, "உதுகளை ஒண்டும் மிச்சம் விடாமல் முடிக்கவேணும்" என்பார்.

துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார்கள். துப்பாக்கிக்காரன் தெருமுனையில் வரும்போதே பறந்துவிடும். ஒருநாள் துரை என்னைக் கூப்பிட்டார். உங்கள் ஆட்கள் சோறு வைத்துக் கூப்பிட்டால் மட்டும் எப்படி வருகிறது என்று கேட்டார்.

துரையே என்னிடம் கேட்கிறாரே என்று எனக்கு ஒரே பூரிப்பு. முட்டாள்!

வாழையிலை, சோற்று உருண்டை, மேலே கொஞ்சம் எள். "கா... கா..." என்று நானே கூப்பிட்டும் காட்டினேன். நாலைந்து இறங்கித் தின்றன. துரை முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மறுவாரம் அதே சோற்றில் விஷம் கலந்தார்கள். இலை போட்டதும் நான்தான், கூப்பிட்டதும் நான்தான். துடித்துத் துடித்து விழுந்தன... மார்க்கெட்டே கைதட்டியது. மூன்று நாள் அப்படி. நாலாம் நாள் ஒரு காக்காகூட இறங்கவில்லை. கூரை மேலே உட்கார்ந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தன.

அடுத்து ஆடி அமாவாசை வந்தது. என் அக்கா டவுனை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில், கூலிகளின் லயத்து வீட்டில் இருந்தாள். இரண்டு மாதம் முன்புதான் மச்சான் மலேரியாவில் போய்ச் சேர்ந்திருந்தார். காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள் இருவருக்கும் சண்டை. "எங்கயாவது போய்த் தொலை" என்று அக்கா வாய்விட்டிருந்தாள். அந்த வார்த்தை அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

மச்சானுக்குப் பிடித்த பூசணிக்காய்க் குழம்பு வைத்தாள். கூரை மேல் இலை போட்டுக் கூப்பிட்டாள். டவுன் காக்காக்கள்தான் அங்கேயும். எதிர் லயத்துக் கூரையில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. இலையைப் பார்த்தன. ஒன்றுகூட வரவில்லை.

காக்கா எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக்கூடாது. பிள்ளைகள் இரண்டும் பசியில் அழுகின்றன. அக்கா தொண்டை கட்டும்வரை கத்தினாள். பொழுது சாய்ந்ததும் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு இன்னும் என் மேல கோவமாத்தான் இருக்காருடா தம்பி. என் கையால திங்க மாட்டேங்கிறாரு."

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். காரணம் எனக்குத் தெரியும். சொன்னால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாளோ என்ற பயம்.

இப்போதைய காக்காக்களுக்கு அதெல்லாம் தெரியாது. கூப்பிடாமலே வந்து குப்பையைக் கிளறுகின்றன. மனிதர்கள்தான் மாறவில்லை. அன்றைக்கு மார்க்கெட்டில் நின்று திட்டினார்கள், இன்றைக்குப் பேப்பரில் எழுதித் திட்டுகிறார்கள். கொண்டுவந்து விட்டவனை அன்றும் யாரும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. விஷம் வைத்தவனையும்தான்.

அக்கா போன வருஷம் போய்விட்டாள். படுக்கையில் கிடந்தபோது, "மேல போனா அவரு என்கிட்ட மொகம் குடுத்துப் பேசுவாராடா?" என்று கேட்டாள்.

"பேசுவாருக்கா" என்றேன்.

அப்போதும் நான் சொல்லவில்லை.